அமரத்து மூடி

கஸ்பார் தன் படகின் தளத்தை வெட்டி ஒரு மூடி வைத்ததற்குப் பிறகுதான் சங்குமுனைப் பெண்கள் மத்தியானத்தில் தலைசீவிப் பவுடர் போட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போகத் தொடங்கினார்கள். அதற்கு முன்னால் அந்த ஊரில் மத்தியானம் என்பது யாரும் யாரையும் பார்க்காத நேரமாக இருந்தது, ஆண்கள் வெயிலில் கிடந்தார்கள், பெண்கள் புகையில் கிடந்தார்கள், நடுவில் கடல் கிடந்தது.

கஸ்பாரின் படகு பெரியது இல்லை. சுக்கான் பிடிக்கிறவர் நிற்கிற பின்பக்கத்தை அந்தக் கரையில் அமரம் என்பார்கள். அமரத்தில் நிற்பதற்கு ஒட்டுப்பலகை போட்டு மேலே ஃபைபர் பூசியிருந்தது. அந்தத் தளத்துக்கு அடியில் சுக்கானைத் திருப்புகிற கம்பியும் டீசல் குழாயும் ஓடின, கொஞ்சம் தண்ணீரும் எப்போதும் கிடந்தது, ஆனால் உள்ளே கைவிட வழி கிடையாது. கம்பி சிக்கினால் தளத்தையே பெயர்க்க வேண்டும். கரையில் என்றால் பெயர்க்கலாம்.

இரண்டு வருஷத்துக்கு முந்திய ஆடிக்காற்றில் கம்பி நடுக்கடலில் சிக்கியது. படகு அலைக்கு விலாவைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கஸ்பாரின் ஒரே மகன் ஆல்ட்ரின் அமரத்தில் குந்தி, பாதியாக வெட்டிய எண்ணெய்க் கேனால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். ஒரு அலை வந்து போனது. கம்பி தானாக விடுபட்டது, படகு நேராகத் திரும்பியது, கேன் மிதந்தது, ஆல்ட்ரின் இல்லை. கஸ்பார் கேனை எடுத்துக்கொண்டு கரை சேர்ந்தார்.

உடல் கிடைக்காதவர்களுக்கு அந்த ஊரில் ஒரு முறை உண்டு. ஒரு பெட்டி செய்து, அதில் போனவருடைய சட்டை ஒன்றை மடித்து வைத்து, அலை வந்து தொடுகிற இடத்திலிருந்து ஒரு கைப்பிடி ஈரமண்ணை அந்தச் சட்டையின் மேல் போட்டு, அந்த ஈரம் காய்வதற்குள் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் புதைப்பார்கள். அதுவரைக்கும் அந்த வீட்டில் படத்துக்கு மாலை போடுவதில்லை, தாய் அந்த ஆளுக்கும் சேர்த்துத்தான் உலை வைப்பாள். ஆல்ட்ரினுக்குப் பெட்டி செய்ய மெற்றில்டா சம்மதிக்கவில்லை. கஸ்பாரின் மனைவி மெற்றில்டா எதற்கும் பதறுகிறவள், காஸை மூடினோமா என்று பூசையின் நடுவில் எழுந்து வீட்டுக்கு ஓடுகிறவள், யாராவது இருமினால் அந்த வாரம் முழுக்க அவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவள். பெட்டிப் பேச்சு எடுத்தால் மட்டும் அவள் குரல் கல்லாகிவிடும்.

"அவன் எங்க படுத்திருக்கான்னு காட்டுங்க. அங்க கொண்டுபோய்ப் பெட்டியை வைப்போம்" என்பாள்.

கஸ்பாருக்கு அதற்கு மேல் பேசத் தெரியாது. ஆகவே அவர் படகு வேலை செய்கிற சேசடிமையைக் கூப்பிட்டுவந்து அமரத்தைக் காட்டினார்.

"இப்ப எதுக்கு மாமா இதை வெட்டச் சொல்லுதிய?" என்றான் சேசடிமை.

"கை போகணும்."

சேசடிமை பென்சிலால் சதுரம் போட்டு, மூலைகளில் துளையிட்டு, மெஷினால் அறுத்து, அறுத்த விளிம்பில் தண்ணீர் ஊறாமல் இருக்க பசை பூசிக் காயவைத்து, சுற்றிலும் ரப்பர் பட்டை ஒட்டி, காலில் தட்டாத மாதிரி ஒரு வளையத்தைப் பதித்து, மூடியைப் பூட்டிக் கொடுத்தான். மெற்றில்டா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே போயிருக்க வேண்டிய கை என்று நினைத்தாள். வாயில் வந்த எதையும் அடக்கத் தெரியாத அவள் அதை மட்டும் அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் மெற்றில்டா அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது தரையில் சதுரமாக வெயில் விழுந்தது, டீசல் வாடை அடித்தது. நிமிர்ந்து பார்த்தாள். கான்கிரீட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதுரம் திறந்திருந்தது, அதில் வானம் இருந்தது, வானத்தின் நடுவில் கஸ்பாரின் தலை இருந்தது.

"சாப்பிட்டியாட்டி?" என்றது தலை.

"இனிமேத்தான். நீங்க சாப்பிட்டியளா?"

"ஆச்சு."

ஒரு கடல்காக்கை சதுரத்தைக் கடந்து போனது.

"சரி, மூடட்டா?"

"மூடுங்க. வெயில் கண்ணுல அடிக்கு."

சாயங்காலம் கால் கழுவிக்கொண்டே கஸ்பார், "உச்சந்தலையில நரைச்சிருக்கு உனக்கு" என்றார். "மேலேருந்து பாத்தா எல்லாந்தான் தெரியும்" என்றாள் மெற்றில்டா. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான்.

ஆனால் ஊர் பேசியது. கம்பியைப் பார்க்கக் குனிந்தவனுக்கு வீடு தெரிகிறது என்றதும் ஒவ்வொருவராகச் சேசடிமையின் வாசலில் வந்து நின்றார்கள், அவனும் ஒவ்வொரு படகாக வெட்டினான், வெட்டிய படகிலெல்லாம் அமரத்தில் நிற்கிறவன் மூடியைத் தூக்கினால் அவனவன் வீட்டு அடுப்படி தெரிந்தது. படகுக்குச் சொந்தக்காரர்கள், எங்கள் படகில் சம்பளத்துக்குச் சுக்கான் பிடிக்கிறவன் வீடு எங்கள் மூடிக்குள் தெரிவது என்ன நியாயம் என்று கொஞ்ச நாள் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். மறந்துவிட்டுப் போன மாத்திரையையும் வெற்றிலையையும் பெண்கள் தொரட்டிக் கம்பில் கட்டி மேலே நீட்டினார்கள். அன்றைய மீன்பாடு எவ்வளவு, என்ன மீன் என்று படகு திரும்புவதற்கு முன்பே பெண்களுக்குத் தெரிந்துபோனதால் ஏலம் விடுகிறவர்கள் முகம் சுருங்கிப்போனார்கள்.

"எங்க வீட்டு ஆளு இத்தன வருஷமா போட்டதைத் தின்னுட்டுப் போனவரு" என்றாள் பக்கத்து வீட்டுப் பிரகாசி. "இப்ப மேல உக்காந்துக்கிட்டு உப்பு பத்தல, புளியைக் கொறைங்காரு. கடலம்மா மடியில உக்காந்துகூட இவருக்கு என் சட்டியிலதான் கண்ணு, மைனி."

"கேட்டா ஒரு கரண்டித் தண்ணியை மேல பாத்து வீசு."

"வீசினேனே. மறுநா குடை பிடிச்சுட்டுத் திறக்காரு."

எதிர்பாராத நேரத்தில் திறந்ததால் சில வீடுகளில் சண்டையும் வந்தது. பங்குச் சாமியார் யோசித்துப் பார்த்துவிட்டு, மூடியைத் திறக்கிற கணவன்மார் முதலில் நன்றாக ஒருதரம் இருமிவிட்டுத் திறக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சொன்னார். அதுவே வழக்கமானது. மேலே இருமல் சத்தம் கேட்டால் பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்வார்கள், ஆண்கள் குனிவார்கள், கேட்பதைக் கேட்டுவிட்டு மூடுவார்கள். கல்யாணமாகிப் பேச்சே ஓய்ந்துபோன வீடுகளில்கூட மத்தியானத்துக்கு என்று ஒரு பேச்சு முளைத்தது, ஊருக்கு அது பழகிவிட்டது, கரண்டு வந்தபோது பழகியதைப் போல.

ஐப்பசியில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். எல்லாப் படகுகளையும் மணலில் இழுத்துப் போட்டு, மூடிகளை இறுக மூடி, ஆண்கள் வீடுகளில் படுத்துக் கிடந்தார்கள். கஸ்பார் கூடத்தில் பாயில் உறங்கிக்கொண்டிருந்தார், அவருடைய குறட்டை அடுப்படி வரைக்கும் கேட்டது. மெற்றில்டா சோற்றை வடித்துக்கொண்டிருந்தபோது அவள் தலைக்கு மேலே சதுரம் திறந்தது.

இருமல் சத்தம் கேட்கவில்லை.

அந்தச் சதுரத்தில் வானம் இல்லை, தலை இல்லை. பாசி பிடித்த கிணற்றுக்குள் இருப்பது போல ஒரு பச்சை இருட்டு இருந்தது. அதிலிருந்து தண்ணீர் விழுந்தது. சொட்டுச் சொட்டாகவும் இல்லை, ஒழுகலாகவும் இல்லை. இரண்டு கைகளைச் சேர்த்துக் குவித்தால் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து அதே அளவு மறுபடியும் விழுந்தது. மெற்றில்டா அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். கடல்.

அவள் கத்தவில்லை. வடித்த சோற்றை ஓரமாக நகர்த்திவிட்டு, அண்டாவைக் கொண்டுவந்து சதுரத்துக்குக் கீழே வைத்தாள்.

அடுத்தடுத்த நாட்களில் வேறு சில வீடுகளிலும் இருமல் இல்லாமல் சதுரம் திறந்தது. எந்தெந்த வீடு என்று விசாரித்தபோது, கடல் யாரைத் திருப்பித் தரவில்லையோ, யாருக்கு இன்னும் பெட்டி வைக்கவில்லையோ அவர்கள் வீடு என்று தெரிந்தது. ஆண்கள் மணலில் கிடந்த படகுகளின் மூடி மேல் நங்கூரத்தையும் கல்லையும் ஏற்றிவைத்தார்கள், அப்படியும் திறந்தது. பங்குச் சாமியார் வீடு வீடாக வந்து மந்திரித்த தண்ணீரைத் தெளித்தார், அது விழுந்த தண்ணீரோடு கலந்து ஓடியது. கடைசியில் அவர், வைக்க வேண்டியதை வைத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். வைத்தார்கள். பிரகாசியும் சின்ன வயதில் கடலில் காணாமல்போன தன் தம்பிக்கு, அம்மா பெட்டியில் கிடந்த பழைய சட்டையைத் தேடியெடுத்து வைத்தாள். பெட்டி மண்ணுக்குள் போன வீடுகளில் சதுரம் திறப்பது நின்றது.

"நின்னுட்டு மைனி" என்றாள் பிரகாசி. "நிம்மதிதான். ஆனா அடுப்படிக்குள்ள போனா காதை அடைச்ச மாதிரி இருக்கு. அவன்தான்னு தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு நாளு பேசியிருப்பேனோ என்னவோ."

மெற்றில்டா பேசிக்கொண்டுதான் இருந்தாள். தண்ணீர் விழுகிற இடத்தில் முகத்தை ஏந்தி நின்று, "ஆல்ட்ரின், குளிருதாய்யா? பசிக்கா? ஏதாவது சொல்லேன்" என்பாள். அந்தப் பச்சை இருட்டு தண்ணீரை மட்டும் தரும். அண்டா நிறைந்தது, குடங்கள் நிறைந்தன, பிறகு தரையில் நின்றது. அள்ளி வெளியே ஊற்றினால் மறுபடி அதே உயரத்துக்கு வந்து நின்றது. சுவரில் சிப்பிகள் ஒட்டிக்கொண்டன, சுவிட்ச் பெட்டியில் உப்புப் பூத்தது, அரிசி டின்னுக்குப் பின்னால் நண்டு ஓடியது. காஸை மூடினோமா என்று பதறுகிற மெற்றில்டா கணுக்கால் தண்ணீரில் நின்று நிதானமாகக் குழம்பு கூட்டினாள். அவளை அப்படி நிதானமாகப் பார்ப்பது கஸ்பாருக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

கூண்டை இறக்கியதும் படகுகள் கடலுக்குப் போயின. கஸ்பாரின் படகு போகும்போதே தாழ்ந்து போனது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, வலை காய்ந்து கிடந்தது, ஆனால் விளிம்புக்கு நாலு விரல் கீழே கடல் நின்றது. கஸ்பார் இருமிவிட்டு மூடியைத் திறந்தார். கீழே மெற்றில்டா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்பதும் அவளைச் சுற்றித் தண்ணீர் கிடப்பதும் தெரிந்தது.

"ஏட்டி, படகு தாழுது."

"வீடுந்தான் தாழுது."

"உன் வீட்டுத் தண்ணிதான்ட்டி இங்க கனக்கு."

அவள் நிமிரவில்லை. கரைக்குத் திரும்பியதும் கூட வந்தவர்கள் இறங்கி, வலையைக் கழுவிக் கொடுத்துவிட்டு, "கோவிச்சுக்கிடாத மாமா, எங்களுக்கும் புள்ளைங்க இருக்கு" என்று வேறு படகுக்குப் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் கஸ்பார் அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்தார். கால் தண்ணீருக்குள் இருந்தது.

"நாளைக்குத் தனியாத்தான் போவேன்" என்றார்.

"போகாதிய. படகு முங்கிரும்."

"போகாம என்ன செய்ய? மீனு தானா வருமா?"

"கொஞ்ச நாளு பொறுங்க. அவன் என்னமோ சொல்ல வாரான். சொல்லட்டும்."

"அவனுக்காக நீ நிக்க, மெற்றில்டா" என்றார் கஸ்பார். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவோ நாளாயிற்று. "எனக்காக யாரு நிக்கா? நான் போன பெறவு எனக்கும் சேத்து ஒரு அண்டாவை வைப்பியா?"

மெற்றில்டா கரண்டியைக் கழுவினாள். கழுவிய கரண்டியையே மறுபடியும் கழுவினாள். தண்ணீரில் அவருடைய கால் வெள்ளையாக ஊறிக் கிடப்பது தெரிந்தது, அந்தக் கால் நாளைக்கும் இதே மாதிரி ஊறிக் கிடக்கும், ஆனால் வாசற்படியில் இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. பயப்படுவதற்கு வேறு ஒரு ஆள் இன்னும் மிச்சம் இருக்கிறார் என்பதை அந்த இரண்டு வருஷத்தில் அப்போதுதான் அவள் கண்டாள்.

"ஒருதரம் அவன் முகத்தைப் பாத்துட்டா பெட்டிக்குச் சரின்னுருவேன்" என்றாள்.

முகத்தை எப்படிப் பார்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. வழி சொன்னது பிரகாசிதான், அதுவும் வேலியோரமாக மீன் சட்டி கழுவிக்கொண்டே.

"ஆம்பிளைங்க குனிஞ்சு பாத்தா வீடு தெரியுது. நாம குனிஞ்சு பாத்தா என்ன தெரியுமோ, யாரு கண்டா? நம்மளைத்தான் படகுல காலு வைக்க விட்டதே இல்லையே."

உண்மைதான். சங்குமுனையில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. ஏறினால் வலை வெறும் வலையாக வரும் என்பார்கள். ஏறக் கூடாதவர்கள் என்பதாலேயே இத்தனை மூடிகள் வெட்டியும் ஒரு பெண் குனிந்து பார்த்தால் என்ன ஆகும் என்று ஊரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம், வெயில் நன்றாக இருந்தபோது, மெற்றில்டா கடற்கரைக்கு வந்து படகின் பக்கத்தில் நின்றாள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்தார்கள். "மாமா, இது முறையில்ல" என்றார்கள். கஸ்பார் அவர்களைப் பார்த்தார், படகைப் பார்த்தார், அதில் இனிமேல் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு பலகையைத் தூக்கிவந்து விளிம்பில் சாய்த்து, "ஏறு" என்றார்.

பிரகாசி கீழே நின்று அவள் இடுப்பைத் தாங்கினாள். "மெதுவா மைனி. நல்லா கனக்கிய, படகு தாழ்ந்ததுக்குத் தண்ணியை மட்டும் குத்தம் சொல்லக்கூடாது." மெற்றில்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே அமரத்தில் போய் நின்றாள். இருமினாள். வளையத்தைப் பிடித்து மூடியைத் தூக்கினாள்.

அடுப்படி தெரியவில்லை. படகின் வயிறு தெரிந்தது. துருப்பிடித்த கம்பியும், குழாயும், முழங்கால் அளவு பச்சைத் தண்ணீரும் தெரிந்தன, அந்தத் தண்ணீரில் ஆல்ட்ரின் குந்தியிருந்தான். அவனுக்கும் கீழே, வெகு ஆழத்தில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுரம் இருந்தது, அதற்குள் அவளுடைய அண்டா ஒரு காசு மாதிரி மின்னியது. ஆல்ட்ரின் இரண்டு கைகளையும் குவித்துத் தண்ணீரை அள்ளி அந்தச் சதுரத்துக்குள் ஊற்றினான். மறுபடி அள்ளினான். கேன் கரைக்கு வந்துவிட்டது. அவனிடம் கைகள்தான் இருந்தன. விரல் நுனியெல்லாம் வெளுத்துத் தோலுரிந்திருந்தது.

அவன் கூப்பிடவில்லை, எதையும் சொல்ல வரவும் இல்லை. வேலை செய்துகொண்டிருந்தான். அப்பாவின் படகில் தண்ணீர் ஏறுகிறது, இறைத்துக்கொண்டிருக்கிறான், நிறுத்து என்று அவனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

"ஆல்ட்ரின்" என்றாள்.

அவன் நிமிர்ந்தான். சோறு கொண்டுவந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"அம்மா. அப்பா கரை சேந்துட்டாவளா?"

"சேந்துட்டாவ. இந்தா கீழதான் நிக்காவ."

"கம்பி?"

"சிக்கெடுத்தாச்சுய்யா. இப்ப கை போகும்."

அவன் குவித்து வைத்திருந்த தண்ணீரை விட்டான். அது அவன் விரல்களுக்கிடையே வழிந்து போனது. வெறும் கைகளைப் பார்த்தான்.

"அப்ப நான்?" என்றான்.

மெற்றில்டாவின் தலைக்கு மேலே வெயில் காய்ந்தது. கரையில் நின்றவர்களுக்கு ஆல்ட்ரினின் குரல் கேட்கவில்லை, குனிந்திருந்த அவள் முதுகு மட்டும் தெரிந்தது. நீயும் சேர்ந்துவிட்டாய் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். சொன்னால் அவன் நம்புவான். நம்பிவிட்டு, கரை எங்கே என்று அந்த இருட்டுக்குள் தேடிக்கொண்டே இருப்பான்.

"நீ சேரலய்யா" என்றாள். "நீ மட்டும் சேரல. இனி இறைக்க வேண்டாம்."

இரண்டு வருஷமாக யாரிடமும் அவள் சொல்லாத சொல் அது. ஆல்ட்ரின் கேட்டுக்கொண்டான். தலையை ஆட்டினான். எழுந்து நின்று, சாப்பிட உட்காருவதற்கு முன்னால் எப்போதும் செய்கிற மாதிரி, ஈரக் கைகளை இரண்டு பக்கமும் சட்டையில் துடைத்தான்.

"ஏல, சட்டையில துடைக்காத" என்றாள் மெற்றில்டா.

அவன் முகம் சிரிக்கப் போவது போல ஆனது. சிரித்தானா என்று தெரிவதற்குள் தண்ணீர் கீழே இறங்கத் தொடங்கியது, பச்சை வெளிறியது, உள்ளே கம்பியும் குழாயும் காய்ந்த பலகையும் மட்டும் இருந்தன. அவள் கையை உள்ளே விட்டு, அவன் நின்ற இடத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு மூடியை மெல்ல இறக்கி, ரப்பர் பொருந்தும்வரை உள்ளங்கையால் அழுத்தினாள்.

இறங்கியபோது கஸ்பார் கைகொடுத்தார். "என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

"நீங்க கரை சேந்துட்டியளான்னு கேட்டான்."

கஸ்பார் மணலில் உட்கார்ந்துவிட்டார். அவர் தலையில் கைவைத்தபடி மெற்றில்டா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பிரகாசியிடம் திரும்பி, "பீரோவுல மேல்தட்டுல கட்டம் போட்ட சட்டை இருக்கும், எடுத்து வையி. சேசடிமைகிட்ட பெட்டிக்குச் சொல்லு, ஆணி துருப்பிடிக்காததா பாத்து அடிக்கச் சொல்லு. சாமியாரு உறங்குவாரு, எழுப்பிரு" என்றாள்.

பெட்டி முடிவதற்குள் சாயங்காலமாயிற்று. அவள் தனியாக அலையருகே போய்க் குனிந்தாள். அலை வந்து கணுக்காலைத் தொட்டுத் திரும்பியதும் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்தாள். அதை அப்போதே சட்டையில் போடவில்லை, கையை இறுக மூடிக்கொண்டாள். பெட்டியைத் தூக்கியவர்களுக்கு முன்னால் அவள்தான் நடந்தாள், மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, காற்று படாமல் முந்தானையால் போர்த்திக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு திரும்பிப் பார்த்து எல்லோரையும் நச்சரித்துக்கொண்டு.

"காத்து அடிக்கு, ஈரம் காஞ்சிரும்" என்றாள். "கொஞ்சம் வேகமா நடங்களேன். என்ன இப்படி நடக்கிய."